பாய்லருடன் ஏழு குளிர்காலம்

எங்கள் வீட்டில் எரிவாயு பாய்லரும் ஒன்பது ரேடியேட்டர்களும் கொண்ட மத்திய வெப்பமூட்டும் அமைப்பைப் பொருத்தி ஏழு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. பாய்லர் சூடாக்கும் தண்ணீரை பம்ப் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்புகிறது. ரேடியேட்டரில் சூட்டை இழந்த தண்ணீர் மீண்டும் பாய்லருக்கே திரும்புகிறது. அப்படித் திரும்பும் தண்ணீர் எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதைப் பொறுத்தே எரிவாயுச் செலவு கூடும், குறையும் என்பது எனக்குப் புரிய மூன்று குளிர்காலம் ஆயிற்று.

எங்களுடையது கன்டென்சிங் வகை. எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவியைப் புகையோடு போகவிடாமல், திரும்பி வரும் தண்ணீரைக் கொண்டு குளிர்வித்து, அது நீராக மாறும்போது வெளிப்படும் வெப்பத்தையும் இவ்வகை பாய்லர் பயன்படுத்திக்கொள்கிறது. திரும்பும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். பொருத்தியவரோ பாய்லரிலிருந்து புறப்படும் தண்ணீரின் வெப்பநிலையை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் அந்தக் குமிழைத் தொடவில்லை. நான்காம் ஆண்டு அதை 55 டிகிரிக்குக் குறைத்தேன். அறைகள் சூடேறக் கூடுதல் நேரம் பிடித்தாலும், ஏறிய சூடு சீராக நின்றது, எரிவாயுச் செலவும் குறைந்தது. (தனித்தொட்டியில் வெந்நீர் சேமிப்பவர்கள் அதை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே குறைக்கக் கூடாது, லெஜியோனெல்லா கிருமி பெருக இடமுண்டு.)

ஐந்தாம் ஆண்டு, கூடத்து ரேடியேட்டரின் மேற்பகுதி சில்லென்றும் அடிப்பகுதி சூடாகவும் இருந்தது. காற்று அடைத்துக்கொண்டதன் அடையாளம் அது. ரேடியேட்டரின் காற்றுத் திருகைச் சிறு சாவியால் கால் சுற்றுத் திருப்பியதும் உஸ்ஸென்று காற்று வெளியேறி, பின்னர் மை போன்ற கறுப்புத் தண்ணீர் துணியில் சொட்டியது. அந்தக் கறுப்பு, ரேடியேட்டரின் உட்புற இரும்பு அரித்து உண்டான கசடு. உள்ளே முழுவதும் கழுவி, அரிப்புத் தடுப்பு மருந்து கலந்து, காந்த வடிகட்டி ஒன்றும் மாட்டினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

என் பெரிய குறை பாய்லரின் அளவைப் பற்றியது. 30 கிலோவாட் பாய்லரை வாங்கினோம்; பின்னர் அறை அறையாகக் கணக்கிட்டபோது, கடுங்குளிரிலும் வீடு இழக்கும் வெப்பம் 8 கிலோவாட்டைத் தாண்டவில்லை. குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் பாய்லருக்கு அதிகத் திறன் தேவை என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறைந்த திறனில் அது நின்று எரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதன் பலனாக, மிதமான குளிர் நாட்களில் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை எரிவதும் அணைவதுமாகவே இருக்கிறது.

அடுத்து, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே ஏற்றும் ஹீட் பம்ப் வாங்கலாமா என்று யோசிக்கிறோம். ஒரு பங்கு மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் தரக்கூடியது என்றாலும், தண்ணீர் மிதமான சூட்டில் ஓடினால்தான் அந்த ஆதாயம் கிட்டும். எனவே சென்ற குளிர்காலத்தின் மிகக் குளிர்ந்த வாரத்தில் பாய்லரை 45 டிகிரியில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு படுக்கையறையைத் தவிர மற்ற அறைகள் எல்லாம் தேறிவிட்டன. அந்த அறைக்குப் பெரிய ரேடியேட்டர் வாங்க அளவெடுத்து வைத்திருக்கிறேன்.