கறி தோசைக்கு மேலே மீல் மேக்கரா, காளானா?

மதுரைக் கறி தோசையில் பரப்பும் கொத்துக்கறிக்குப் பதிலாக வீட்டில் என்ன போடலாம் என்று கேட்டால், என் ஓட்டு மீல் மேக்கருக்குத்தான். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பச்சை வாடை போக இரண்டு தண்ணீர் அலசி, ஒட்டப் பிழிந்து மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு, அப்புறம் சின்ன வெங்காயம், சோம்பு, மிளகுத்தூளோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கினால் மசாலாவை அப்படியே இழுத்துக்கொள்ளும். காய்ந்த உருண்டை 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம். காளானுக்குச் சொந்த ருசி உண்டு, அதை மறுக்க முடியாது, ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; கால் கிலோ நறுக்கிப் போட்டாலும் கொஞ்சம்தான் மிஞ்சும், நீர் சுண்டுமுன் பரப்பினால் தோசை சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டு பேருக்கு என்றால் காளான் சரி. வீடே உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக்கு மீல் மேக்கர்தான் கட்டுப்படியாகும்.