கீவா: அந்த 25 டாலர் எங்கே போகிறது? மாணவர் குழுக்களுக்கான மதிப்பீடு

பல நாடுகளில் சிறு தொழில் செய்பவர்களுக்கு இணையவழியில் கடன் திரட்டும் கீவா தளத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது முகங்கள். பிலிப்பைன்ஸில் சாரி சாரி எனப்படும் பெட்டிக்கடை நடத்தும் பெண், கென்யாவில் இன்னொரு கறவை மாடு வாங்க நினைக்கும் விவசாயி, உகாண்டாவில் பழைய துணி விற்பவர். படத்தின் கீழே கேட்கும் தொகை, இன்னும் சேர வேண்டியது எவ்வளவு, மீதி எத்தனை நாள் என்ற விவரங்கள் இருக்கும். வழக்கமாக ஒரு பங்கு 25 டாலர். கொடுப்பவருக்கு வட்டி கிடையாது. தவணை கட்டப்படக் கட்டப்பட அசல் மட்டும் கணக்குக்குத் திரும்பும். அதை எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கல்லூரி மாணவர் குழுக்கள் இந்தத் தளத்தை விரும்புவது இதனால்தான். ஒருமுறை திரட்டிய 500 டாலர் நான்கு ஆண்டுப் படிப்புக்குள் மூன்று நான்கு சுற்று போய்வரும்.

நல்ல சேவைதான். மாணவர்கள் பயன்படுத்தலாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஆனால் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கக் கூடாது. நடுவில் நிற்கும் நிறுவனத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் கீவாவில் இறங்கும் குழு, நல்ல மனதோடு தவறான இடத்தில் பணத்தைப் போட்டுவிடும்.

2005இல் சான் பிரான்சிஸ்கோவில் மாட் ஃபிளானரி, ஜெசிகா ஜாக்லி இருவரும் இதைத் தொடங்கினார்கள். சுவாஹிலி மொழியில் கீவா என்றால் ஒற்றுமை. முதல் கடன்கள் கிழக்கு உகாண்டாவின் டொரோரோவில் 7 சிறு தொழில் செய்பவர்களுக்குப் போயின. அமெரிக்காவில் கொடுக்கும் கடன்கள் போன்ற சிலவற்றைத் தவிர, கீவா நேரடியாகக் கடை வாசலுக்குப் போய்ப் பணம் கொடுக்கும் அமைப்பல்ல. உள்ளூர் குறுங்கடன் நிறுவனம், அதாவது கீவாவின் கூட்டு நிறுவனம், ஆளைத் தேர்ந்தெடுத்து, விவரம் எழுதி, படம் எடுத்து, தவணையும் வசூலிக்கிறது.

பெரும்பாலான கடன்கள் தளத்தில் ஏறும் முன்பே கொடுக்கப்பட்டுவிடும். அந்தக் கடைக்காரர் போன வாரமே சரக்கு வாங்கியிருப்பார். நீங்கள் போடும் 25 டாலர், கூட்டு நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த பணத்தை ஈடுகட்டுகிறது. 2009இல் பொருளியலாளர் டேவிட் ரூட்மன் இதை வெளிப்படையாக எழுதிய பிறகு, கீவா தன் விளக்கத்தைத் திருத்தியது. இப்போது ஒவ்வொரு கடன் பக்கத்திலும் பணம் கொடுக்கப்பட்ட தேதி இருக்கிறது. இதை ஏமாற்று என்று நாங்கள் சொல்லமாட்டோம். விதைப்புக்குப் பணம் கேட்பவரை, தளத்தில் தொகை சேரும்வரை 30 நாள் காத்திருக்கச் சொல்ல முடியாது. அவர் கட்டத் தவறினால் அந்த இழப்பும் உங்களைச் சேர்ந்ததுதான். ஆனால் "நான் கொடுத்ததால்தான் அவருக்குக் கிடைத்தது" என்று விழா மேடையில் மாணவர்கள் சொல்வது சரியல்ல. "நாங்கள் கொடுத்ததால் அந்த நிறுவனத்துக்கு அடுத்தவருக்குக் கொடுக்க முதல் கிடைத்தது" என்பதே உண்மை.

அடுத்தது வட்டி. கொடுப்பவருக்கு வட்டி இல்லை என்பதால் வாங்குபவருக்கும் இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வாங்குபவர் வட்டி கட்டுகிறார், பல நாடுகளில் நன்றாகவே கட்டுகிறார். 50 டாலர் கடனுக்கும் 5,000 டாலர் கடனுக்கும் கள அலுவலர் மோட்டார் சைக்கிளில் போய்வரும் செலவு ஒன்றுதான். சிறு கடன் விலை கூடுவதற்கு முதல் காரணம் அதுவே. ஆனாலும் எது நியாயம், எது சுரண்டல் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் ஊரில் குழுக் கடன் வாங்கி வாரத் தவணை கட்டிய வீடுகளுக்கு ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழுக் கடன் தொகைக்கே போடும் வட்டி, என்ன செய்யும் என்று தெரியும். மாணவர்கள் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 1,000 டாலர் கடன், 12 மாதம், மாதம் 2 சதவீதம் ஃபிளாட். மொத்த வட்டி 240, மாதத் தவணை 103.33. கேட்டால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பார்கள். ஆறாம் மாதத்தில் அசலில் கிட்டத்தட்ட பாதி அடைந்துவிடும், வட்டியோ இன்னும் 1,000க்கே ஓடிக்கொண்டிருக்கும். குறையும் நிலுவையில் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 42 சதவீதம். தொடக்கத்திலேயே பிடிக்கும் கட்டணம், கட்டாயச் சேமிப்பு என்று 100க்கு 10 பிடித்துவைப்பது எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

அதனால் கடன் பக்கத்தில் படத்தைத் தாண்டிக் கீழே போங்கள். கூட்டு நிறுவனத்தின் பெயரைத் தொட்டால் அதன் பக்கம் திறக்கும். எங்கள் பார்வையில் கீவா தளத்தின் மிக மதிப்புள்ள பகுதி இதுதான், மாணவர்கள் மிகக் குறைவாகப் படிக்கும் பகுதியும் இதுதான். கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரிச் செலவு அங்கே சதவீதத்தில் இருக்கும். சில நிறுவனங்களுக்கு அது ஆண்டு வட்டியாக இருக்கும். சிலவற்றுக்கு, வட்டியும் கட்டணமுமாக வந்த வருமானத்தை நிலுவைக் கடனால் வகுத்த எண்ணாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். இரண்டாம் வகை எண் அந்த நிறுவனத்தின் மொத்தச் சராசரி, நீங்கள் பார்க்கும் கடைக்காரர் கட்டும் வட்டி அல்ல. ஒரே நாட்டில் இயங்கும் மூன்று நான்கு நிறுவனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடு தாண்டி ஒப்பிட்டால் பணவீக்கம் கணக்கைக் குழப்பிவிடும்.

அதே பக்கத்தில் நட்சத்திர மதிப்பீடு உண்டு. பலர் இதைச் சேவையின் தரம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்த நிறுவனம் மூழ்குமா, பணத்தைத் திருப்பி அனுப்புமா என்பது பற்றிய மதிப்பீடு. ஐந்து நட்சத்திரம் வாங்கிய நிறுவனம் ஏழைகளை எட்டாமல் இருக்கலாம். இரண்டு நட்சத்திர நிறுவனம் யாரும் போகாத மலைக்கிராமத்தில் வேலை செய்யலாம். மதிப்பீடே இல்லாத புதிய நிறுவனங்களும் பட்டியலில் உண்டு. தவணை தாமத விகிதம், வராக்கடன் விகிதம், நாணய மாற்று இழப்பு விகிதம் மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் படம் தெளியும். தாமதம் அதிகம், வராக்கடன் குறைவு என்றால் பெரும்பாலும் அறுவடைக் காலத் தாமதம். இரண்டும் அதிகம் என்றால் விலகி நில்லுங்கள்.

கீவா தன் மொத்தக் கடன்களில் 96 சதவீத அளவு திரும்பி வருவதாகச் சொல்கிறது. உங்கள் கணக்கில் அது அப்படியே வரும் என்று எண்ணாதீர்கள். இழப்பு மூன்று வழியில் வரும். கடைக்காரர் கட்டாமல் போவது ஒன்று. அவர் ஒழுங்காகக் கட்டியும் நடுவிலுள்ள நிறுவனம் நொடித்துப்போவது இன்னொன்று. இப்படி ஆனால் ஒரே நாளில் அந்த நிறுவனத்தில் போட்ட எல்லாப் பங்குகளும் நின்றுவிடும். மூன்றாவது நாணயச் சரிவு. உள்ளூர் நாணயம் 10 சதவீதம் வரை சரிந்தால் கூட்டு நிறுவனம் தாங்கும். அதற்கு மேல் சரிவதைக் கடன் கொடுத்தவர்கள் தலையில் இறக்கும் உரிமையை நிறுவனம் தேர்ந்தெடுத்திருக்கலாம். கடன் பக்கத்திலேயே இது எழுதியிருக்கும். வரவேண்டியது 20 டாலர், நாணயம் 30 சதவீதம் சரிந்தது என்றால் ஏறக்குறைய 4 டாலர் உங்கள் இழப்பு. நைஜீரிய நைரா 2023 ஜூன் நடுவில் டாலருக்கு 470 என்ற அளவில் இருந்தது, மாத இறுதிக்குள் 750ஐ ஒட்டிப் போய்விட்டது. கடைக்காரர் ஒழுங்காகக் கட்டியிருந்தும் பணம் குறைந்து வருவதற்கு இதுதான் காரணம்.

மாணவர் குழுவிடம் 500 டாலர் இருந்தால் அது 20 பங்கு. ஒரு நிறுவனத்தில் 4 பங்குக்கு மேல் வேண்டாம், ஐந்து நாடுகளுக்காவது பரப்புங்கள். முதல் சுற்றுக்கு 6 முதல் 14 மாதத் தவணைக் கடன்களை எடுங்கள். 3 ஆண்டுக் கடனில் போட்டால், போட்ட மாணவர்கள் கல்லூரியை விட்டே போயிருப்பார்கள். தவணை முறையையும் பாருங்கள். மாதத் தவணை, ஒழுங்கற்ற தவணை, கடைசியில் ஒரே தவணை என்று மூன்று வகை. பெட்டிக்கடைக்கு மாதத் தவணை பொருந்தும், தினமும் கல்லாவில் பணம் விழுகிறது. மக்காச்சோளம் போடுபவருக்கு அறுவடை முடிந்துதான் பணம் வரும், எட்டு மாதம் பூஜ்யம் என்றே காட்டும். அது கோளாறு அல்ல. விவசாயிக்கு மாதத் தவணை போட்டிருக்கும் கடனைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். தவணை கட்ட அவர் வேறெங்கோ கடன் வாங்குகிறார் என்று அர்த்தம், அல்லது வீட்டில் வேறு வருமானம் இருக்கிறது. எது என்று விவரத்தில் தேடுங்கள்.

பெண்களின் கடன்கள் வேகமாக நிறைந்துவிடும். ஆண்களின் கடன்கள், நீண்ட தவணை விவசாயக் கடன்கள் கடைசி நாள்வரை கிடக்கும். குறித்த நாளுக்குள் தொகை சேராவிட்டால் கடன் காலாவதியாகி, போட்ட பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். பட்டியலை முடியும் நாள் வரிசையில் அடுக்கி, கடைசி மூன்று நாளில் நிற்பவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழுவின் 25 டாலருக்கு மதிப்பு அதிகம்.

கணக்கு வைப்பதில்தான் மாணவர் குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. தளத்தில் 'டீம்' வசதி உண்டு. ஆனால் அது பணத்தைச் சேர்த்து வைக்காது. ஒவ்வொருவரும் தனிக்கணக்கில் கொடுப்பதைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பொதுப்பணம் என்றால் குழுவின் பெயரில் தனி மின்னஞ்சல் திறந்து, ஒரே கணக்கில் வையுங்கள். இறுதியாண்டு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் திறந்த கணக்கு, அவர் போனதும் எட்டாக்கனியாகிவிடும், தவணைகள் மட்டும் உள்ளே விழுந்துகொண்டிருக்கும். இன்னொன்று: பணம் கட்டும் பக்கத்தில் கீவாவுக்கு நன்கொடையாக ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். அது கடனல்ல, திரும்பி வராது. கொடுப்பதில் தவறில்லை, கீவா லாபநோக்கற்ற அமைப்பு. ஆனால் பூஜ்யமாக மாற்றும் வசதி இருக்கிறது என்பதை அறிந்து, குழு கூடி முடிவெடுத்து, கணக்கில் தனி வரியில் எழுதுங்கள். இந்தியாவிலிருந்து கொடுக்க நினைப்பவர்கள் அந்நியச் செலாவணி விதிகளை முதலில் வங்கியில் கேட்டுத் தெளிவது அவசியம்.

கீவா மீது எங்களுக்கு ஒரு குறை உண்டு. அண்மை ஆண்டுகளில் அது கூட்டு நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நெடுங்காலமாகக் கொடுத்துவந்த சிலர், வெளிப்படைத்தன்மை குறைகிறது என்று 2021இல் புதுக் கடன் கொடுப்பதையே நிறுத்தினார்கள். முகத்தைப் பெரிதாகவும் வட்டியைச் சிறிதாகவும் காட்டும் வடிவமைப்பு இன்னும் மாறவில்லை. சராசரிச் செலவு படத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடன் வாங்குபவர்பால் உண்மையான மரியாதை அதுதான்.

கடன் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தெளிவாகவே பதில் சொல்கின்றன. ஹைதராபாத், மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா என்று ஆறு இடங்களில் செய்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. குறுங்கடனால் சிறு நன்மை உண்டு, வாழ்க்கை புரட்டிப்போட்டதுபோல் மாறுவதில்லை என்பதுதான் அவற்றின் முடிவு. 25 டாலரோடு மாணவர் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்ச்சுகீசு, ரஷ்யன் நன்றாகத் தெரிந்த மாணவர்கள் கீவாவின் மொழிபெயர்ப்புத் தன்னார்வலர்களாகச் சேர வாய்ப்பு இருக்கிறதா என்று தளத்தில் பார்க்கலாம். உள்ளூர் அலுவலர் எழுதிய விவரத்தைப் படித்து ஆங்கிலமாக்கும்போது, கடன் எப்படி வேலை செய்கிறது என்பது பத்துக் கருத்தரங்கில் கிடைப்பதைவிட நன்றாகப் புரியும்.

கடைக்காரரோடு நேரடியாகப் பேசும் திட்டங்களில் இறங்கும் குழுக்கள் மூன்று முடிவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டோகோவின் லோமேயில் 1,500 சிறு தொழில்களை மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வழக்கமான வணிகப் பயிற்சி பெற்றவர்களின் லாபத்தில் திட்டவட்டமாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. தானாக முன்வந்து செயல்படும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சியில் லாபம் 30 சதவீதம் கூடியது. உகாண்டாவில் 930 தொழில்களை வைத்துச் செய்த ஆய்வில், வெளிநாட்டிலிருந்து இணையவழியில் ஆலோசனை பெற்றவர்களின் விற்பனை சுமார் 27 சதவீதம் ஏறியது. விமானம் ஏறிப் போகாமலே உதவ முடியும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, மாணவர்கள் உடனே எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. டொமினிக்கன் குடியரசில் முறையான கணக்கியல் பயிற்சி கடைக்காரர்களின் பழக்கத்தைப் பெரிதாக மாற்றவில்லை. எளிய விதிகள் மாற்றின. கடைப்பணத்துக்கு ஒரு இழுப்பறை, வீட்டுப்பணத்துக்கு இன்னொன்று. கடைக்காரர் தனக்கென ஒரு சம்பளத்தை நிர்ணயித்து, அதை மட்டும் வீட்டு இழுப்பறைக்கு மாற்ற வேண்டும். அவசரத்துக்குக் கடைப்பணத்தில் கைவைத்தால், எவ்வளவு எடுத்தோம் என்று ஒரு சீட்டு எழுதி அந்த இழுப்பறையிலேயே போட வேண்டும். மாதக் கடைசியில் சீட்டுகளைக் கூட்டினால், கடையில் லாபம் இல்லையா, லாபம் வீட்டுக்குள் கரைகிறதா என்று தெரிந்துவிடும். சரக்குக் கடன் தேவையா என்ற கேள்வியை அந்தக் கூட்டலுக்குப் பிறகு கேளுங்கள்.