தேடியவுடன் கிடைத்த கஸ்டமர் கேர் எண்

போன மாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது. நாலே நிமிடம். போன் என் கையில்தான் இருந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினைந்து வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன் நான். வீட்டில் யாருடைய போனில் எது ஓடாவிட்டாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதே' என்று அம்மாவுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பேன். நானும் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. அப்படியும் போயிற்று. எப்படிப் போனது என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஆரம்பம் ஒரு சின்ன விஷயம். ஆன்லைனில் ஒரு பொருள் வாங்கினேன். பணம் கட்டும்போது திரை உறைந்துபோக, இரண்டாவது தடவை அழுத்தினேன். இரண்டு முறை பணம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடையின் செயலிக்குள் 'உதவி' என்ற பகுதியைத் திறந்தால் ஒரு சாட்பாட் வந்து வணக்கம் சொன்னது. என்ன பிரச்சினை என்று கேட்டு நாலு தெரிவுகள் காட்டியது. என் பிரச்சினை அந்த நாலில் இல்லை. 'மற்றவை' என்றேன். அதே நாலு தெரிவுகளை மறுபடி காட்டியது. 'மனிதரிடம் பேச வேண்டும்' என்று தட்டினேன். 'உங்கள் வருத்தம் புரிகிறது' என்றது. திரும்ப அந்த நாலு.

1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்றொரு நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொல்வதையே கேள்வியாக மாற்றி நம்மிடமே திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. அதையே நம்பி ஆட்கள் மனம்விட்டுப் பேச ஆரம்பித்ததைக் கண்டு அவரே திகைத்துப்போனார். எனக்கு வாய்த்தது எலிசாவின் கொள்ளுப்பேரனாக இருக்க வேண்டும். பாட்டியாவது நாம் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரம் போயிற்று. அந்தக் கடையின் இணையதளத்தில் மேலிருந்து கீழ்வரை தேடியும் ஒரு தொலைபேசி எண் இல்லை. எரிச்சலில் தேடுபொறியைத் திறந்து, கடையின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தட்டினேன். முதல் வரியிலேயே எண் வந்தது. கடையின் பெயர், அதே லோகோ, '24 மணி நேரமும்' என்ற வாசகம். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அப்புறம் நடந்ததெல்லாம் விழுந்தவன் உருண்ட கதை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று நண்பன் ஒருவன் இப்போது சிரிக்கிறான். நிஜமான கஸ்டமர் கேர் எப்போது அப்படி எடுத்திருக்கிறது!

பேசியவர் அவ்வளவு பொறுமைசாலி. "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார்" என்றுதான் தொடங்கினார். ஆர்டர் எண் கேட்டார், தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது, இரண்டு முறை பணம் எடுத்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அரை மணி நேரம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய பிறகு ஒரு மனிதக் குரல் 'உங்கள் பக்கம்தான் நியாயம்' என்றால் மனசு இளகிவிடுகிறது. கடவுச்சொல் கேட்கவில்லை, கார்டு எண் கேட்கவில்லை. ஒரு 'உதவிச் செயலி'யை நிறுவச் சொன்னார். முன்பின் தெரியாத இணைப்பு எதுவும் அனுப்பவில்லை. போனில் இருக்கும் அதிகாரப்பூர்வமான ஆப் ஸ்டோரிலிருந்தே எடுத்தேன். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும், நல்ல பெயருள்ள செயலி அது. தூரத்திலிருக்கும் ஒருவர் நம் திரையைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டது. அலுவலகங்களில் ஐடி ஆட்கள் தினமும் பயன்படுத்துகிற வகை. 'வெளியிலிருந்து ஆப் இறக்காதே' என்ற அறிவுரை இங்கே செல்லாக்காசு. கருவியில் குற்றமில்லை. அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதுதான் விஷயம்.

திரையில் வந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துக் காட்டினேன். அனுமதி கேட்டது, கொடுத்தேன். அந்த நொடியிலிருந்து என் திரை அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"ரீஃபண்ட் போட்டுவிட்டேன் சார், உங்கள் வங்கிச் செயலியில் வந்திருக்கிறதா பாருங்கள்" என்றார். திறந்தேன். "ஏதோ சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, பிரௌசரில் திறந்து பாருங்களேன்" என்றார். அப்போது எனக்கு உறைக்கவில்லை. வங்கிச் செயலிகள் பலவும் திரையைப் பகிரும்போது எதிர்ப்பக்கம் கறுப்பாகத் தெரியும்படி செய்யப்பட்டவை. என் செயலி அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியை அவர் காட்டினார், நான் பின்னாலேயே போனேன். பிரௌசரில் கடவுச்சொல் புள்ளிபுள்ளியாகத்தான் தெரிந்தது. ஆனால் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தையும் தொடும்போது அது ஒரு கணம் பெரிதாகி மேலெழும்பும் அல்லவா? அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், புள்ளிகள் எதற்கு?

அவர் கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் இனிமேல்தான். "இப்போது சில மெசேஜ் வரும் சார். ரீஃபண்ட் சரிபார்ப்புக்காக வருபவை. யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். என்னிடமும் சொல்லாதீர்கள்."

நான் அம்மாவுக்குச் சொன்ன அதே வாசகம்! அதைக் கேட்டதும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. மெசேஜ்கள் வந்தன, திரையின் உச்சியில் ஓடிபி எண்ணோடு எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் படித்துக்கொண்டார். தன்னுடைய கணினியில் என் பெயரில் நுழைந்து மூன்று தவணைகளாக எடுத்துக்கொண்டார். (2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15-ல் திரையைப் பகிரும்போது ஓடிபி வரும் அறிவிப்புகளை மறைக்கும் வசதி வந்திருக்கிறது. என் போன் அதைவிடப் பழையது.) நாலாவது மெசேஜ் ஓடிபி இல்லை, இருப்புத் தொகை. அதைப் படித்துவிட்டு "சார், இது என்ன?" என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்து நான் செய்ததும் தப்பு. கை நடுங்க, அதே போனிலிருந்து வங்கியைக் கூப்பிட முயன்றேன், செயலி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. முதலில் செய்ய வேண்டியது விமானப் பயன்முறையைப் போட்டு இணையத்தை அறுப்பது. பிறகு வேறொருவர் போனிலிருந்து, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்வது. கடவுச்சொற்களை மாற்றுவதையும் வேறு கருவியிலிருந்துதான் செய்ய வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு அந்தச் செயலியை நீக்கிவிட்டு, அமைப்புகளில் 'அணுகல்தன்மை' (Accessibility) அனுமதி வேறு எதற்காவது கொடுத்து வைத்திருக்கிறோமா என்று பார்க்கலாம். அந்த அனுமதி இருந்தால் திரையைப் பார்ப்பது மட்டுமில்லை, நமக்குப் பதிலாகத் தொடவும் முடியும்.

வங்கியில் எட்டாம் எண்ணை அழுத்தி, இரண்டாம் எண்ணை அழுத்தி, இருபது நிமிடம் இசை கேட்டபின் ஒருவர் வந்தார். கடவுச்சொல் சரியாக இருந்தது, ஓடிபியும் சரியாக இருந்தது, ஆகவே அது நீங்கள் செய்ததாகத்தான் கருதப்படும் என்றார். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், காவல்துறையிலும் கொடுத்திருக்கிறேன். பணம் வரவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி இருக்கிறது: மோசடிக்காரன் பேச்சை நம்பி வாடிக்கையாளர் தாமே அனுப்பிவிட்ட பணத்துக்கும், சில நிபந்தனைகளுக்கும் ஓர் உச்சவரம்புக்கும் உட்பட்டு, வங்கிகள் ஈடு தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பணம் போய்ச் சேர்ந்த வங்கி பாதி. திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். என் வங்கிக்காரரிடம் இதைச் சொன்னேன். "அது அங்கே சார்" என்றார்.

கோபம் தணிந்த பிறகு அந்த எண் எங்கிருந்து முளைத்தது என்று தோண்டினேன். நான் பார்த்த முதல் வரி ஒரு விளம்பரம். ஒரு காலத்தில் விளம்பரங்கள் தனி நிறப் பின்னணியில் இருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். இப்போது ஒரு குட்டி முத்திரை, அவ்வளவுதான். அதே எண் இன்னும் பல இடங்களில் கிடந்தது. கேள்வி-பதில் தளம் ஒன்றில், யாரும் எதையும் ஏற்றக்கூடிய ஆவணத் தளங்களில், கடையின் பெயரை ஐம்பது முறை எழுதிய பிடிஎஃப்களில். இப்படித் தூவி வைத்தால் தேடுபொறியும் எடுத்துக்கொள்கிறது, அதன்மேல் உட்கார்ந்து பதிலைச் சுருக்கித் தரும் ஏஐயும் எடுத்துக்கொள்கிறது. இதைவிட மோசமான வித்தை ஒன்றும் இருக்கிறது. நிஜ நிறுவனத்தின் நிஜத் தளத்துக்கே விளம்பரம் கூட்டிப்போகும், முகவரியும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தத் தளத்தின் தேடல் பெட்டிக்குள் 'இந்த எண்ணை அழைக்கவும்' என்ற வாசகத்தை இணைப்பிலேயே திணித்திருப்பார்கள். பக்கத்தில் அது நிறுவனமே சொன்னதுபோல் தெரியும்.

வரைபடமும் விலக்கில்லை. 2014-ல் பிரையன் சீலி என்ற அமெரிக்கர், கூகுள் மேப்ஸில் எஃப்பிஐயின் சான்ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்துக்கும் வாஷிங்டனில் அதிபரைப் பாதுகாக்கும் சீக்ரெட் சர்வீசுக்கும் தன் எண்களைப் போட்டுப் பதிவு செய்தார். அழைத்தவர்களின் பேச்சு நிஜ அலுவலகத்துக்கே போனது, நடுவில் இவர் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். ஓட்டையைக் காட்டத்தான் அப்படிச் செய்தார். சீக்ரெட் சர்வீஸ் அலுவலகத்துக்குத் தாமே போய் ஒப்புக்கொண்டார். எஃப்பிஐக்கே இந்தக் கதி என்றால் நான் எந்த மூலை.

1878-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் உலகின் முதல் தொலைபேசிக் கையேடு வந்தது. ஒரே ஓர் அட்டை, ஐம்பது பெயர்கள். எண்களே கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் இணைத்துக் கொடுப்பார். அந்த அட்டையில் ஒரு பெயர் தப்பாக இருந்தால் யாரிடம் கேட்பது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வந்த எண்ணை அச்சடித்தவர் யார்? தேடுபொறியைக் கேட்டால் 'நாங்கள் காட்டினோம், எழுதவில்லை' என்கிறார்கள்.

அந்தக் கடை மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். திருடன் திருடத்தான் செய்வான். செலவு மிச்சம் என்று பேசும் ஆட்களை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகப் போட்டது இவர்கள். அவன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். தளத்தில் ஓர் எண் இருந்திருந்தால் நான் ஏன் வெளியே தேடப் போகிறேன்? 2024-ல் கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொன்ன வழக்கில், அந்த பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி அந்த நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, ஈடு கொடுக்க வைத்தது. பாட்டை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பழக்கம் ஓரிடத்தில் மட்டும் இல்லை போலும். சொல்ல மறந்துவிட்டேன், இரண்டாவது முறை எடுத்த பணம் மூன்றாம் நாள் தானாகவே என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. பேசாமல் இருந்திருந்தால் போதும்.

இன்னொரு கண்ணி இதற்குப் பின்னால் வருகிறது, கவனமாக இருங்கள். ஆத்திரத்தில் சமூக ஊடகத்தில் அந்தக் கடையைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினேன். பத்து நிமிடத்தில் அவர்கள் லோகோவோடு ஒரு கணக்கு வந்து 'தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள்' என்றது. அந்தக் கணக்கு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வாரம் கழித்து ஓர் அழைப்பு, இணையக் குற்றப் பிரிவு என்றார்கள். போன தொகையைத் துல்லியமாகச் சொன்னார்கள். மீட்டுவிட்டோம், முன்பணம் மட்டும் கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு தடவை ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, அதில் இப்போது நானும் இருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தேன்.

இப்போது என்ன அவசரமானாலும் எண்ணைத் தேடி எடுப்பதில்லை. கார்டின் பின்புறம், பில், செயலியின் உள்ளே, இந்த மூன்றிலும் இல்லையென்றால் எண் இல்லை என்று விட்டுவிடுகிறேன். என்னை அழைப்பவர் வங்கி என்று சொன்னாலும் வைத்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்; திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். அம்மாவிடம் பழைய வாசகத்தை மாற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: ஓடிபியைச் சொல்லாதே, காட்டவும் காட்டாதே. 'சொல்லாமல் எப்படிடா காட்டுவேன்?' என்று கேட்டார். இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த விளம்பரத்தையும் பிடிஎஃப்களையும் புகார் செய்தேன். விளம்பரம் இரண்டு நாளில் காணாமல் போயிற்று. இன்று காலை இதை எழுத உட்காரும் முன் அதே சொற்களைத் தட்டிப் பார்த்தேன். முதல் வரியில் அதே லோகோ, அதே '24 மணி நேரமும்'. எண் மட்டும் வேறு.