ஐம்பது நிமிடம், 190 வெள்ளி

ஒன்பது மாதமாகப் போய்வருகிறேன், இனி எழுதலாம் என்று தோன்றுகிறது. சிங்கப்பூரில் நொவீனா பக்கம் சின்னதாக ஒரு தனியார் மனநல ஆலோசனை நிலையம், பல் டாக்டரின் கதவுக்கு அடுத்த கதவு, ஐம்பது நிமிடத்துக்கு 190 வெள்ளி. பெயர் போடவில்லை, ஏனென்றால் எனக்குச் சரிப்பட்டவர் உங்களுக்கும் சரிப்படுவார் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு முன்பு சரிப்படாமல் போன இருவரை வேறு யாராவது கொண்டாடிக்கொண்டிருக்கலாம்.

முதலாமவரிடம் நான்கு தடவை போனேன். அப்பா இறந்ததையும் அதற்குப் பிறகு தூக்கம் போனதையும் ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து சொல்லவேண்டியிருந்தது. கடைசித் தடவை "அண்ணன் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். எனக்கு அண்ணனே கிடையாது, நான்தான் வீட்டில் மூத்தவன். காசைக் கட்டிவிட்டு வெளியே வந்து கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அது அவரைவிடக் கொஞ்சம் உதவியது.

இரண்டாமவர் தமிழர். தமிழில் பேசினால் மனசு தானாகத் திறக்கும் என்று நானேதான் தேடிப் பிடித்தேன். நல்ல மனிதர், திறமைசாலியும்கூட. ஆனால் எந்தப் பள்ளி, அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று பேச்சு போகப்போக, அவருடைய மாமியார் வீடு எங்கள் பழைய புளோக்குக்குப் பக்கத்தில் என்று தெரிந்தது, அதோடு என் வாய் பூட்டிக்கொண்டது. சொன்னதை வெளியே விடமாட்டார், அது அவர் தொழில் தர்மம், எனக்குத் தெரியும். இருந்தாலும் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது எதிரே வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? இன்னொன்றும் உண்டு. நான் "மூத்த பையன்" என்றதும் அவர் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இப்போது பார்ப்பவர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அதே "மூத்த பையன்" கதையைச் சொன்னபோது, "மூத்தவர் என்றால் என்னென்ன செய்யவேண்டும்? அதை உங்களிடம் யார் சொன்னது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் யாருமே சொல்லவில்லை! ஒரு நிமிடம் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். மொழி தெரிந்தவரிடம்தான் போகவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தமிழில் மட்டுமே அழவருகிற அம்மா அப்பாக்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தமிழ் பேசுகிறவர்தான் வேண்டும்.

ஆனால் இவர்தான் எனக்கு என்று முடிவானது ஆறாவது வாரத்தில். தினமும் என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம் என்று கட்டம் கட்டமாக எழுதச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார். நான் அதை ஈசூனிலிருந்து நொவீனா வருவதற்குள் எம்ஆர்டி ரயிலிலேயே கற்பனையாக நிரப்பிவிடுவேன், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ காலத்துப் பழக்கம். அன்றைக்கு என்னவோ துணிந்து, "இதெல்லாம் பொய், எனக்கு இது ஒத்துவரவில்லை" என்றேன். அவர் முகம் மாறவில்லை. சிரித்துவிட்டு, "நான் உங்களுக்கு மார்க் போடுவேன் என்று எப்போதிலிருந்து தோன்றியது?" என்று கேட்டார், மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். இப்போது தாள் கிடையாது. மனசு கனக்கும்போது தமிழிலேயே கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்துகொள்கிறேன், அங்கே போய் அதில் முக்கியமானதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதியதைப் பிறகு படித்தேன்: எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்கிறோம் என்ற இரண்டிலும் இருவரும் ஒத்துப்போகவேண்டும், இடையில் ஒரு பிணைப்பும் வேண்டும் என்கிறார். எனக்கு முதலாமவரிடம் மூன்றுமே இல்லை. இரண்டாமவரிடம் பிணைப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குறை இல்லாமல் இல்லை. 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்துசெய்தால் முழுக் கட்டணம். ஷிப்ட் திடீரென மாறியதால் ஒருமுறை 190 வெள்ளி போனது, இன்னும் வயிறு எரிகிறது. காத்திருக்கும் இடத்தில் பல் டாக்டரின் டிரில் சத்தம் வேறு. இவர் சைக்காலஜிஸ்ட், மாத்திரை எழுதித் தரமுடியாது, அதற்கு சைக்கியாட்ரிஸ்ட்டிடம் தனியாகப் போகவேண்டும்.

இவ்வளவு செலவு முடியாதென்றால் பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம், ஆனால் காத்திருக்கப் பொறுமை வேண்டும். 16 முதல் 30 வயதுக்காரர்களுக்கு சாட் என்ற இளையர் மனநலச் சேவை இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771. தனியாரிடம் போவதாக இருந்தால் சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் பதினைந்து நிமிடம் போனில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். நான் இரண்டையும் செய்யாமல்தான் முதலாமவரிடம் போய் உட்கார்ந்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய வூட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனை 1993இல் புவாங்கோக்குக்குப் போய் மனநலக் கழகம் ஆகிவிட்டது, ஆனாலும் அவருக்கு இதெல்லாமே இன்னும் வூட்பிரிட்ஜ்தான். செவ்வாய்க்கிழமை எனக்கு ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லலாமா வேண்டாமா என்பதே மூன்று வாரமாக அந்த ஐம்பது நிமிடத்தில் ஓடுகிறது.

அடுத்த செவ்வாய் ஏழு மணிக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைக்கலாமா என்று கேட்கப்போகிறேன். காரணம் பணம்தான், அதையும் அப்படியே சொல்லிவிடுவேன்.