ஃபோல்டிட்: ஸ்கோரை இறக்கத் துணிந்தால்தான் ஆட்டம்

படிப்பை விளையாட்டாக்குகிறோம் என்று வரும் ஆப்களில் பெரும்பாலானவை எனக்கு ஒத்துவருவதில்லை. பழைய கேள்வி பதிலுக்கே நட்சத்திரமும் பதக்கமும் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஃபோல்டிட் அந்த ரகமில்லை. இதில் ஆட்டமும் ஆராய்ச்சியும் ஒன்றேதான்: திரையில் இருக்கும் ஒரு புரதத்தை நாமே மடிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008 மே மாதம் வெளிவந்தது. இலவசம். பல வருடங்களாக விட்டு விட்டு விளையாடி வருகிறேன். உயிரியல் எனக்குப் பள்ளியோடு சரி.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. அது எப்படிச் சுருண்டு மடிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உடலில் அதன் வேலை. சரியான மடிப்பில் ஆற்றல் குறைவாக இருக்கும். விளையாட்டு அதைத் திருப்பிப்போட்டு, ஆற்றல் குறையக் குறைய ஸ்கோர் ஏறும்படி வைத்திருக்கிறது. நீரை விலக்கும் பகுதிகள் ஆரஞ்சு, நீரோடு சேர்பவை நீலம். அணுக்கள் மோதிக்கொண்டால் சிவப்பு முள் உருண்டை முளைக்கும். 'ஷேக்' அழுத்தினால் பக்கக் கிளைகள் இடம் பார்த்து அமரும், 'விக்கிள்' அழுத்தினால் சங்கிலியே நெளிந்து சரிசெய்துகொள்ளும். தூரத்தில் நிற்கும் இரண்டு இடங்களை இழுத்துச் சேர்க்க ரப்பர் பேண்டும் உண்டு. அறிமுக லெவல்களை முடிப்பதற்குள், ஆரஞ்சு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண் உறுத்தத் தொடங்கிவிடும். நீரை விலக்குபவை ஏன் உள்ளே ஒளிய வேண்டும் என்று புத்தகத்தில் படித்தது அப்புறம்தான்.

கொஞ்ச நாளில் ஒரு சுவர் வரும். என்ன செய்தாலும் ஸ்கோர் அசையாது. அப்போது நன்றாக இருக்கும் அமைப்பையே பிரித்து, ஸ்கோர் சரிவதைப் பார்த்துக்கொண்டே வேறு விதமாக மடிக்க வேண்டும். மனிதர்களின் பலம் இங்கேதான். 2010இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது: சங்கிலியைப் பெரிய அளவில் கலைத்து அடுக்க வேண்டிய புதிர்களில் ஆட்டக்காரர்கள் கணினி நிரலை மிஞ்சினார்கள். அடுத்த வருடம், குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் நொதி அமைப்பு கிடைத்தது. பத்து வருடத்துக்கு மேல் பிடிபடாமல் இருந்த விஷயம்; ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் நல்ல மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை வைத்து, கையில் ஏற்கெனவே இருந்த எக்ஸ்ரே தரவிலிருந்து விஞ்ஞானிகள் விடையை எடுத்தார்கள்.

எனக்குப் பிடிக்காததும் இந்த ஸ்கோரில்தான் இருக்கிறது. 'ரெசிபி' என்ற பெயரில் ஸ்கிரிப்ட் எழுதிப் பகிரலாம். ஆட்டக்காரர் ஒருவர் எழுதிய 'புளூ ஃபியூஸ்', விஞ்ஞானிகள் தனியாக உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு முறையோடு ஒத்துப்போனது என்றால் அது சாதாரணமில்லை. ஆனால் புதிரின் கடைசி நாட்களில் நடப்பது வேறு: ராத்திரி ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தூங்கினால், காலையில் சில புள்ளி கூடியிருக்கும், லேப்டாப் கொதித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் மேலே போகலாம், கற்றுக்கொள்ள எதுவுமில்லை. நான் இப்போது வடிவம் ஓரளவு பிடிபட்டதும் விட்டுவிடுகிறேன். என் ரேங்கைக் கேட்காதீர்கள்.

புதிய புரதங்களை வடிவமைக்கும் புதிர்கள் வந்தபோது ஸ்கோரின் ஓட்டையும் வெளியே வந்தது. இயற்கையில் நிற்காத, நீண்டு விரிந்த உருவங்களைச் செய்து ஆட்டக்காரர்கள் புள்ளியை அள்ளினார்கள். நம்மாட்களிடம் விதியைக் கொடுத்தால் சந்து கண்டுபிடிக்காமல் விடுவார்களா? விஞ்ஞானிகள் அவர்களைத் திட்டவில்லை. உள்ளே இறுக்கமான மையம் இருக்க வேண்டும் என்பது போல விதிகளைச் சேர்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: ஆய்வகத்தில் சோதித்த 146 வடிவமைப்புகளில் 56 நிலையாக மடிந்தன. புள்ளி முறையை வகுப்பிலோ அலுவலகத்திலோ கொண்டுவருபவர்கள் படிக்க வேண்டிய பகுதி என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்த பிறகும் இது எதற்கு என்று கேட்கிறார்கள். இருக்கும் புரதத்தின் வடிவத்தைக் கணிப்பதில் அதோடு மல்லுக்கட்ட முடியாது, உண்மைதான். வடிவமைப்புப் புதிர்கள் இன்னும் சுவை குறையவில்லை. 2024 வேதியியல் நோபலில் பாதி, புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்குப் போனது. ஃபோல்டிட் பிறந்ததிலும் அவருக்குப் பங்குண்டு.

நிறுவ விரும்புகிறவர்களுக்கு: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய கணினியில் பெரிய புரதங்கள் திணறும். தமிழில் இல்லை, ஆனால் அறிமுக லெவல்களுக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பயமில்லாமல் உட்கார வைக்கலாம். டச்பேடில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். ஒரு மவுஸ் வாங்கிவிடுங்கள்.