மாஸ்தியில் 22 நிமிடம்

மூன்று வருடம் கழித்து பெங்களூர் போனேன். எங்கே போகலாம் என்று கேட்டால் அப்பா வழக்கமாக, "எங்கயும் வேண்டாம், நீ வந்ததே போதும்" என்பார். இந்தத் தடவை கேட்டு முடிப்பதற்குள், "மாஸ்தி ஊருக்குப் போகணும்மா" என்றார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். 1973இல் தூரவாணிநகர் டெலிபோன் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது கன்னடத்தில் அவருக்குத் தெரிந்தது 'கொத்தில்லா' (தெரியாது) ஒன்றுதான். ஃபேக்டரிக்குள் அவர் வேலை பார்த்த ஷாப் வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். கன்னட சங்கத்து ஆள் ஒருவர் தினமும் காலையில் அதில் கன்னடக் கவிஞர் டிவிஜியின் 'மங்குதிம்மன கக்க'விலிருந்து நாலு வரி எழுதிப்போடுவார். மொத்தம் 945 பாட்டு, 1943இல் வந்த புத்தகம். டீ நேரத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே அப்பா எழுத்துக்கூட்டப் பழகிவிட்டார். அப்புறம் ஃபேக்டரி லைப்ரரியில் கன்னட எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் கதைகள். மாஸ்தி என்பது அவருடைய ஊர்ப் பெயர். ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை. "வீட்ல நம்ம பாஷை, எழுத்துல ஊர் பாஷை. நம்மள மாதிரிதான்" என்பார். அப்பா மளிகை லிஸ்ட்டைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை, ஆனாலும் அந்த 'நம்மள மாதிரி' அவருக்கு முக்கியம்.

மாஸ்தியும் டிவிஜியும் கோலார் மாவட்டத்துக்காரர்கள். தேடியதில் கோலார் இலக்கியப் பயணம் என்று ஒன்று அகப்பட்டது. ஒரே நாளில் மாஸ்தி, ஆவணி, முல்பாகல், நரசிம்ம தீர்த்தம். காலை டிபன், மதியச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,950 ரூபாய். நாங்களே டாக்ஸி வைத்துப் போயிருக்கலாம். விஷயம் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது, அப்பாவுக்கும் பேச்சுத்துணைக்கு நாலு பேர் கிடைப்பார்கள் என்று நினைத்தேன். இந்த யோசனைக்கு நானே பொறுப்பு.

பணம் கட்டுவதிலேயே ஒரு சுற்று. என் கனடா கார்டை அவர்கள் பக்கம் ஏற்கவில்லை. மூன்று தடவை முயன்றதில் என் வங்கி கார்டையே முடக்கிவிட்டது. கடைசியில் அப்பாதான் தன் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, க்யூஆர் காட்டி 3,900 ரூபாயை அனுப்பினார். "அமெரிக்கா கார்டு, எதுக்கும் உதவாது" என்றார். அவருக்குக் கனடாவும் அமெரிக்காதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு டின் ஃபேக்டரி பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். வண்டி 6:50க்கு வந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு குடும்பம் எழுந்திருக்கவே இல்லையாம். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மினி பஸ், ஏசி, சீட்டுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், மொத்தம் 31 பேர். படிதான் உயரம். ஒவ்வொரு தடவை அப்பா ஏறும்போதும் கிளீனர் பையன் தானாக வந்து கை கொடுத்தான். அன்றைக்குக் கிடைத்ததிலேயே நல்ல சேவை அதுதான், கட்டணத்தில் சேராதது.

வழிகாட்டிக்கு 26, 27 வயது இருக்கும். கோலார் பக்கத்துப் பையன், கன்னடத்தில் எம்.ஏ. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும், "அங்கிள், நானும் தமிழ் பேசுவேன், எங்க பக்கமெல்லாம் கலந்துதான்" என்றான். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் வைத்திருப்பாரே, அந்த விசில். அதை அப்போது நான் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை.

ஹொஸ்கோட்டையில் டிபன். தட்டு இட்லி நன்றாகவே இருந்தது. ஆனால் 31 பேருக்கு ஒரே நேரத்தில் தட்டு வர வேண்டும், காபி வர வேண்டும், கழிப்பறை வரிசை நகர வேண்டும். கிளம்பும்போது 8:55. அப்போதே பையன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மாலூர் தாண்டி யூகலிப்டஸ், செங்கல் சூளை, ரோஜாத் தோட்டம் என்று போனது வண்டி. மைக்கில் மாஸ்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். 1891இல் பிறந்தவர், மெட்ராஸில் எம்.ஏ. ஆங்கிலம், மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம், தன்னைவிட ஜூனியரை மேலே தூக்கிவிட்டார்கள் என்று 1943இல் வேலையை விட்டவர், 'ஸ்ரீனிவாஸ' என்ற பெயரில் எழுதியவர், கன்னடச் சிறுகதைக்கே தகப்பன், 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்று ஊரே சொல்லும். நன்றாகத்தான் சொன்னான். ஞானபீடம் சிறுகதைக்குக் கிடைத்தது என்று மட்டும் வாய் தவறிவிட்டான். அப்பா பின்சீட்டிலிருந்து, "தம்பி, சிக்கவீர ராஜேந்திர, நாவல். 1983" என்றார். பையன் மைக்கிலேயே, "கரெக்ட் அங்கிள், சாரி" என்றான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் பரம திருப்தி.

மாஸ்தி வீட்டை இப்போது அரசாங்கம் நூலகமாக வைத்திருக்கிறது. 10:10க்கு இறங்கினோம். "20 நிமிஷம், போட்டோ எடுத்துக்கோங்க, வண்டிக்கு வந்துடுங்க." 31 பேரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் நூலகம் என்ன ஆகும்? பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போயே போய்விட்டார். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் மாஸ்தி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். மல்லேஸ்வரம் குடும்பத்துப் பையன் வைஃபை இருக்கா என்று கேட்டான்.

அப்பா யாரோடும் சேரவில்லை. ஒரு ரேக்குக்கு முன்னால் நின்று, புத்தக முதுகுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்துக்கொண்டு போனார். கன்னடம் அவருக்கு வாசிக்க வரும், வேகம் வராது. உதடு அசைய அசையத்தான் படிப்பார். ஒரு சிறுகதைத் தொகுப்பை உருவி 'ரங்கன மதுவெ'யைத் தேடிக் கண்டுபிடித்தார். 1910இல் எழுதிய கதை. ஹொசஹள்ளி என்ற ஊரைப் பற்றியும் அந்த ஊர் மாங்காயின் புளிப்பைப் பற்றியும் முதலில் ஒரு பாட்டம் அளந்துவிட்டுத்தான் கதைக்கே வருவார் மாஸ்தி. அந்தப் புளிப்பு வரும் இடத்தில் அப்பா சத்தமில்லாமல் சிரித்தார். நான் பக்கத்தில் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை.

புத்தகத்தை அதே இடத்தில் வைத்துவிட்டு, வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டுக்கு வந்தார். கன்னடத்தில்தான் எழுதுவேன் என்று பேனாவை வாங்கினார். பெயரை எழுதினார். ஊர் என்ற கட்டத்தில் 'அல்சூர்' என்று தொடங்கி, 'ல'வுக்குக் கீழே ஒத்து எழுத்துப் போடக் குனிந்தபோது வெளியே விசில் அடித்தது. இரண்டு தடவை. அப்புறம் டிரைவரின் ஹாரன். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எழுதுங்கப்பா, அவங்க நிக்கட்டும்" என்றேன். மூன்றாவது விசில் வாசலிலேயே கேட்டது. அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று 36 வருடம் பஞ்சிங் கார்டில் வாழ்ந்தவர். கட்டத்தில் பாதி ஊர்தான் இருந்தது.

10:32க்கு வண்டி நகர்ந்தது.

அடுத்தது ஆவணி என்றுதான் நினைத்தேன். பார்த்தால் வண்டி கம்மசந்திரா போகிறது. அங்கே கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி லிங்கம் இருக்கிறது, சுற்றிலும் லட்சக்கணக்கில் சின்ன லிங்கங்கள். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய கோயில், மறுக்கவில்லை. ஆனால் பயணத் திட்டத்தில் அது இல்லை. "நிறைய பேர் கேட்டாங்க மேடம், கோலார் வந்துட்டு இதைப் பாக்காம போனா ரேட்டிங் குறைச்சிடறாங்க" என்றான் பையன். அங்கே ஒரு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தோம். விசில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

மதியச் சாப்பாடு ராபர்ட்சன்பேட்டையில். கேஜிஎஃப், கோலார் தங்க வயல்! ஓட்டலில் பரிமாறியவர், கல்லாவில் இருந்தவர், பக்கத்து டேபிளில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் தமிழ். வட ஆற்காடு, சித்தூர் பக்கமிருந்து தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அப்பாவின் பெரியப்பாவே சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம், 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். தூரத்தில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பையன் மைக்கில், "இதுதான் அந்த சினிமாவுல வர்ற கேஜிஎஃப்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அந்தாக்ஷரிக்குப் போய்விட்டான். இத்தனைக்கும் இலக்கியப் பயணம். ஒரு ஊர் முழுக்கக் கதை கொட்டிக்கிடந்தது, நாங்கள் பாட்டுக்கு எழுத்து தேடிக்கொண்டிருந்தோம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஹொஸ்கோட்டைக்கு அப்புறம் சுத்தமான கழிப்பறை என்று பார்த்தால் இந்த ஓட்டல்தான். கிட்டத்தட்ட ஐந்து மணி நேர இடைவெளி. இதை யாரும் புக் செய்யும்போது சொல்வதில்லை. நானும் முன்வரிசைப் பாட்டியும் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டோம்.

ஆவணிக்குப் போகும்போது மணி மூன்றரை. வால்மீகி ஆசிரமம் இருந்த இடம், லவனும் குசனும் பிறந்த இடம் என்று காலங்காலமாக நம்புகிற ஊர். மலைமேல் சீதைக்குக் கோயில். பிள்ளை வரம் கேட்டு அங்கே போவார்கள். எங்களோடு ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த இளம் தம்பதி அதற்காகவே வந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லவில்லை, கையில் இருந்த பூஜைக் கூடை சொன்னது. "மலை ஏற டைம் இல்ல, கீழ ராமலிங்கேஸ்வரர் மட்டும்" என்றான் பையன். அந்தப் பெண் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருப்பதும் லேசான கோயில் இல்லை. நுளம்ப அரசர்கள் காலத்துக் கல் கட்டடம், ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்னன் நாலு பேர் பெயரிலும் தனித்தனி லிங்கம். ஒரு தூணையாவது நின்று பார்க்கலாம். 25 நிமிடத்தில் எந்தத் தூணை?

நரசிம்ம தீர்த்தத்தில் ஸ்ரீபாதராஜர் பிருந்தாவனம், அவருடைய சமாதி. பதினைந்தாம் நூற்றாண்டு ஹரிதாசர், வியாசதீர்த்தரின் குரு. காவிரி ரங்கனைப் பார்க்காத கண் எதற்கு என்று கன்னடத்தில் பாடியவர். அந்த ரங்கன் நம் ஸ்ரீரங்கத்து ரங்கன்தான். இதைப் பையன் அழகாகச் சொன்னான், இரண்டு வரி பாடியும் காட்டினான். நல்ல குரல். 15 நிமிடம்.

அப்புறம் முல்பாகல். மூடல பாகிலு, கிழக்கு வாசல். டிவிஜி 1887இல் பிறந்த ஊர். அப்பா சட்டையை இழுத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. "லெஃப்ட் சைடுல தெரியறதுதான் முல்பாகல், டிவிஜி அவர்களோட ஊர், டிராஃபிக் ஆயிடும்னு உள்ள போகல" என்று மைக் சொன்னது. எல்லாரும் இடது பக்கம் பார்த்தோம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம். கெட்டியாக, நெய் ஊறின முல்பாகல் தோசைக்காக வந்திருந்த ஜெயநகர்க்காரர் மட்டும் வாய்விட்டுச் சண்டை போட்டார். தோசைக்குச் சண்டை போட ஆள் இருந்தது, டிவிஜிக்கு இல்லை. நானும் போடவில்லை.

இரவு 8:40க்கு டின் ஃபேக்டரி. இறங்கும்போது பையன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க அங்கிள், எனக்கு ஆபீஸ்ல இருந்து அரை மணிக்கு ஒரு போன். நீங்க ரயில்ல மாலூர் வந்து பஸ் பிடிங்க, நிம்மதியா பாக்கலாம்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நாலு ஊரை இரண்டு நாளில் காட்ட வேண்டிய திட்டத்தை ஒரு நாளுக்குள் திணித்து, அதில் ஒரு கோயிலையும் செருகி, கழுத்தில் விசிலை மாட்டி அனுப்பியவர்கள் வேறு யாரோ.

மறுநாள் அவர்களுக்கு நிமிடக் கணக்கோடு எழுதினேன். திட்டத்தில் இருந்த நாலு இடத்துக்கும் சேர்த்து 62 நிமிடம், இல்லாத ஒரு இடத்துக்கு 70. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது, கூடவே சிக்மகளூர் காபித் தோட்டப் பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். மூன்று மாதம் செல்லும். நான் அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

மார்ச்சில் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு போன் அடித்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் வயிறு என்ன ஆகும் என்று வெளியூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீடியோ கால். அப்பா. பின்னால் புத்தக ரேக்.

"தனியாவா போனீங்க?"

"கன்டோன்மென்ட்ல ரயில் ஏறினேன், மாலூர்ல பஸ்ஸு. அந்தத் தம்பி சொன்ன மாதிரியே. உக்காந்து நாலு கதை படிச்சாச்சு."

"சாப்பாடு?"

"தயிர்சாதம் இருக்கு. இரு, அந்த நோட்டைக் கேட்டிருக்கேன், எடுத்திட்டு வராங்க." போனை எங்கேயோ சாய்த்து வைத்தார் போலிருக்கிறது, எனக்குக் கூரை மட்டும் தெரிந்தது. பக்கம் புரட்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.