ஸ்லைஸுக்காக வாங்கிய டிரைவர்: நெடுநாள் கழித்து ஒரு புலம்பல்

கோல்ஃப் ஆடுகிற அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, உங்க கிட்ட இருக்கிற அந்த டிரா பயஸ் டிரைவர் விலை இறங்கியிருக்கு, எடுத்துடவா?" டிரைவர் என்றால் தூரமாக அடிக்கிற பெரிய தலைக் கிளப். ஸ்லைஸ் என்றால் பந்து வலது பக்கம் வளைந்து போவது, டிரா பயஸ் என்றால் அதற்கு எதிராகப் பந்தை இடது பக்கம் வளைக்கச் செய்த அமைப்பு. பதில் சொல்ல ஆரம்பித்து கிரிப், அதாவது கைப்பிடி ரப்பர் விஷயம் வந்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். 460 சிசி தலை, 10.5 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), தலையின் கோணத்தை மாற்றக் கழுத்தில் திருப்பி வைக்கிற ஸ்லீவ், இதெல்லாம் அவனுக்கே தெரியும். கம்பெனி பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இது வருவதற்கு முன் என் டீ ஷாட், அதாவது டீ என்கிற சின்னக் குச்சியில் பந்தை வைத்து அடிக்கிற முதல் அடி, கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பும், பாதி தூரத்தில் என்னவோ நினைத்துக்கொண்ட மாதிரி வலது பக்கம் சாய்ந்து எல்லையைக் காட்டும் வெள்ளைக் குச்சிகளைத் தாண்டிப் போய்விடும், ஓ.பி. (எல்லைக்கு வெளியே), ஒரு அபராத ஸ்ட்ரோக், திரும்ப அதே இடத்திலிருந்து மூன்றாவது அடி. அப்படியே பாதி ரவுண்டு போகும். இந்த டிரைவர் வந்த முதல் வாரமே அந்த வளைவு பாதியாகக் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. மந்திரம் எதுவும் இல்லை. தலையின் எடையை ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேருகிற பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதனால் ஃபேஸின், அதாவது பந்தில் படுகிற முகத்தின், நடுவில் அடித்தாலும், எடை மையத்துக்கு அது டோ பக்கம் (எதிர் நுனி) பட்ட கணக்கு, பந்துக்குக் கொஞ்சம் இடது சுழற்சி கிடைத்துவிடுகிறது. ஃபேஸும் லேசாக மூடியே இருக்கும். டீயில் வைத்துக் குனிந்து பார்த்தால் இடது பக்க மரத்தை முறைத்துக்கொண்டிருப்பது போல் தெரியும், அது மட்டும் இன்று வரை எனக்குப் பழகவில்லை.

ஆனால் ஸ்லைஸ் போனதா? போகவில்லை, டிரைவரில் மட்டும் ஒளிந்துகொண்டது. டிரைவருக்கு அடுத்த கிளப்பான 3 வுட்டை எடுத்தால் அதே வாழைப்பழ வளைவு. ஸ்விங் மாறவே இல்லையே! இறங்கும்போது தோள் முதலில் திரும்புகிறது, கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது, அந்தப் பாதையைவிட ஃபேஸ் வலது பக்கம் திறந்திருக்கிறது, பந்து வலது பக்கம் வளையாமல் வேறென்ன செய்யும். இதற்குப் பயந்து நாம் இன்னும் இடது பக்கம் குறி வைக்கிறோம், வெட்டு இன்னும் மோசமாகிறது. கிளப் போகிற பாதையில்தான் பந்து கிளம்பும் என்று இன்னும் சொல்லிக்கொடுக்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். பந்தின் பறப்பை அளக்கிற ரேடார் கருவிகள் வந்த பிறகு தெளிவாகிப்போன விஷயம் இது: பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் ஃபேஸ்தான் தீர்மானிக்கிறது, வளைவு என்பது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்.

எனக்கு உருப்படியாக உதவியது ஒரு ஒயிட்போர்டு மார்க்கர். பந்தின் பின்பக்கம் நீல மையில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பக்கம் ஃபேஸைப் பார்க்கும்படி டீயில் வைத்து அடித்தால் ஃபேஸில் எங்கே பட்டது என்று அச்சு விழும். விழுந்தது பார், எல்லாம் ஹீலில், கழுத்தை ஒட்டிக் குழிக் குழியாக நீலம். டிரைவரில் ஹீலில் பட்டாலே ஸ்லைஸ் சுழற்சி ஏறும், ஸ்விங் சரியாக இருந்தாலும்கூட. கொஞ்சம் தள்ளி நின்றேன். இடது கையில் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரிகிற மாதிரி பிடியை வலது பக்கம் திருப்பினேன். பந்துக்கு வெளிப்பக்கம் டிரைவரின் ஹெட்கவரையே (தலை உறை) வைத்து, அதில் படாமல் அடித்துப் பழகினேன். பை தூக்கி வருகிற கேடி ஒருவர், "தோளை விடுங்க சார், இடுப்பு முதல்ல போகட்டும்" என்று சொன்னது, வகுப்புகளுக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகம் வேலை செய்தது.

இப்போது வேடிக்கை என்னவென்றால், ஸ்விங் தேறத் தேற இந்த டிரைவர் என்னைத் தண்டிக்கிறது. நன்றாக அடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. ஸ்லைஸாவது பறந்து போய் விழுந்து நிற்கும், இப்படி இடது பக்கம் வளைகிற ஹுக் தாழ்வாகப் போய்த் தரையில் உருண்டு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீரைப் பார்க்கும் வரை.

சரி, கிரிப் கதை. சென்னை வியர்வையில் ரப்பர் சீக்கிரம் வழுக்க ஆரம்பித்துவிடும், மே மாதத்தில் டவல் இல்லாமல் பிடிக்கவே முடியாது. மாற்றக் கொடுத்தேன். கடையில் ரிப் வைத்த கிரிப்பைப் போட்டுக் கொடுத்தார்கள், அடிப்பக்கம் ஒரு மேடு ஓடும், விரல் அதைத் தடவியே தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மற்ற கிளப்புகளுக்கு அருமையான சாமான். ஆனால் என் டிரைவரில் ஸ்லீவைத் திருப்பினால் ஷாஃப்டும் சேர்ந்து திரும்பும், ஷாஃப்டோடு கிரிப்பும் திரும்பும்! ஹுக்கைக் குறைக்க ஸ்லீவை ஒரு கிளிக் மாற்றியதும் ரிப் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. கை ரிப்பைத் தேடிப் போகிறது, ஃபேஸ் எங்கோ போகிறது, நான் பழையபடி ஸ்விங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு பயிற்சி ரேஞ்சில் வாளி வாளியாகப் பந்து அடிக்கிறேன். ஸ்லீவ் கிளப்புக்கு ரிப் போடலாமா என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திரும்பப் போய்ச் சொன்னால், "எல்லாம் ஒண்ணுதான் சார், பழகிடும்" என்கிறார். என்ன பழகும்?

ஆக தம்பி, ஸ்லைஸைத் திருத்த இதை வாங்காதே, பிடியையும் அச்சையும் முதலில் பார். ஆனால் இந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால் வாங்கிவிடு, பந்து தொலையாமல் பதினெட்டு ஹோல் முடிக்கிற சுகம் ஆரம்பத்தில் ரொம்ப முக்கியம். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. கிரிப் மாற்றும்போது மட்டும் ரிப் இல்லாத உருண்டைக் கிரிப் என்று தெளிவாகக் கேள், ஒண்ணுதான் சார் என்று சொன்னால் கிளப்பை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போ.